குழந்தை மொழி வளர்ச்சியில் ஆய்வு செய்யும் செவிலியர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தது முதல் 3 வயது வரையிலான மொழி வளர்ச்சியைத் தீசிஸ் தலைப்பாக எடுக்கும் செவிலியர் மாணவர்களுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் எழுதப்பட்டது இது. குழந்தையைப் பற்றிய கேள்விகள் முதலில் வருகின்றன, ஆய்வு முறை பற்றியவை பிறகு.

பேச்சு வராத குழந்தையைப் பார்ப்பது பேச்சுப் பயிற்சி நிபுணரின் வேலைதானே? செவிலியருக்கு இதில் என்ன ஆய்வு?

சிகிச்சை அவருடைய வேலைதான். ஆனால் அந்தக் குழந்தை அவரிடம் போய்ச் சேரும் முன்பே அதைப் பலமுறை கையில் வாங்கிப் பார்ப்பவர் செவிலியர். பிரசவ அறையில் பார்க்கிறார், பச்சிளங்குழந்தைப் பிரிவில் பார்க்கிறார், ஒவ்வொரு தடுப்பூசிக்கும் பார்க்கிறார். ஆகவே செவிலியருக்கு இயல்பாக அமையும் ஆய்வுகள் மூன்று வகை. பிரச்சினையை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறோம் என்பது ஒன்று. கண்டுபிடித்த குழந்தை உண்மையில் நிபுணரிடம் போய்ச் சேர்கிறதா என்பது இன்னொன்று. வீட்டில் குழந்தையோடு பேசும் விதத்தைப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தால் பலன் உண்டா என்பது மூன்றாவது. "எந்தப் பேச்சுச் சிகிச்சை சிறந்தது" என்று ஆரம்பித்தால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்?

2, 3 மாதத்தில் "ஆ", "ஊ" என்று நீட்டி ஒலிக்கும். 6 மாதத்துக்குப் பிறகு "பாபாபா", "மாமாமா" என்று மெய்யும் உயிரும் சேர்ந்த மழலை தொடங்கும். 10, 11 மாதமாகியும் இந்த மழலை வரவில்லை என்றால் காதைச் சந்தேகிக்க வேண்டும். 9 முதல் 12 மாதத்துக்குள் கை காட்டும், பொருளைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். பலர் சொற்களை மட்டும் எண்ணிவிட்டு இந்தக் கை காட்டலை விட்டுவிடுகிறார்கள். அதில்தான் பாதித் தகவல் இருக்கிறது.

முதல் சொல் சுமார் ஒரு வயதில். 2 வயதில் குறைந்தது 50 சொற்களும், இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதும் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் எல்லைக்கோடு. இந்த வயதில் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. பெற்றோர் நிரப்பும் சொற்பட்டியல் ஆய்வுகளில், ஆங்கிலம் பேசும் 2 வயதுக் குழந்தைகளில் அடிமட்ட 10% பேர் சொன்னது சுமார் 60 சொல்லுக்கும் குறைவு, மேல்மட்ட 10% பேர் சொன்னது 500-க்கும் அதிகம். இரு தரப்பையும் ஒரே குழுவில் போட்டு சராசரி எடுத்தால் அந்தச் சராசரி யாரையும் குறிக்காது. ஆய்வில் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) சராசரியைப் போலவே பெரிதாக வந்து பயமுறுத்துவது இதனால்தான்.

உடனே அனுப்ப வேண்டிய அறிகுறிகள் எவை?

12 மாதத்தில் மழலையோ கை காட்டலோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 24 மாதத்தில் தானாக இரு சொல் சேர்த்துச் சொல்வதில்லை. எந்த வயதிலும், இருந்த பேச்சோ பழகும் தன்மையோ குறைகிறது. கடைசியாகச் சொன்னதுக்குக் காத்திருப்பே கூடாது.

குறைமாதக் குழந்தைக்கும் இதே கணக்கா?

இல்லை, 2 வயது வரை திருத்திய வயதைப் பயன்படுத்துங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முன்னதாக வந்தது. நாட்காட்டியில் 12 மாதம் என்றால் நமக்கு அது சுமார் 10 மாதக் குழந்தை. தகவல் படிவத்தில் கர்ப்பகால வாரத்துக்கு ஒரு கட்டம் வைக்க மறந்துவிட்டால் பிறகு இதைக் கணக்கிட வழியில்லை. அடிக்கடி நடக்கும் தவறு.

கதவு அடித்தால் திரும்புகிறது, கூப்பிட்டால் பார்க்கிறது. பிறகு எதற்குக் காதுப் பரிசோதனை?

கதவு அடிக்கும் சத்தம் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமான சத்தம். அதிர்வாக உடம்பிலும் உணரலாம். "ஸ", "ச", "த" போன்ற மெல்லிய, உயர் அதிர்வெண் ஒலிகள் கேட்காத குழந்தையும் கதவுக்குத் திரும்பும். கூப்பிடும்போது நிழல் அசைந்தாலும் பார்க்கும். கைதட்டிப் பார்த்துவிட்டு "கேட்கிறது" என்று எழுதுவது பரிசோதனை ஆகாது.

பிறவியிலேயே நிரந்தரக் கேள்விக் குறைபாடு (காது கேட்பதில் குறை) 1,000 குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்கு இருக்கிறது. 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பது உலகெங்கும் பழகிய 1-3-6 விதி. இதற்குப் பின்னால் இருக்கும் முக்கிய ஆய்வுகளில் ஒன்று கிறிஸ்டின் யோஷினாகா-இடானோவும் குழுவினரும் 1998-இல் வெளியிட்டது. கேள்விக் குறைபாடுள்ள 150 குழந்தைகளில், 6 மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட 72 பேரின் மொழித்திறன், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட 78 பேரைவிடத் தெளிவாக மேலாக இருந்தது.

எனவே மொழி ஆய்வில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் கேள்வி நிலை பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளந்தது மொழியையா, காதையா என்று கைடு கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

ஓஏஈ, ஏபிஆர் என்ற இரண்டு காதுப் பரிசோதனைகளில் எதைப் பயன்படுத்துவது? எங்கே தவறு நடக்கிறது?

ஓஏஈ (ஒட்டோஅகூஸ்டிக் எமிஷன்), உள்காதிலுள்ள நத்தை வடிவ உறுப்பான நத்தை எலும்பு (காக்ளியா) திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பிடிக்கிறது. வேகமானது, எளிது. ஆனால் நத்தை எலும்போடு நின்றுவிடும். ஏபிஆர் (ஆடிட்டரி பிரெயின்ஸ்டெம் ரெஸ்பான்ஸ்), ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கிறது. நத்தை எலும்பு வேலை செய்து நரம்பில் கோளாறு உள்ள குழந்தை ஓஏஈயில் தேறிவிடும். 5 நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு இந்த அபாயம் அதிகம் என்பதால் அவர்களுக்கு ஏபிஆர்தான்.

நடைமுறையில் நடக்கும் தவறுகளில் பல கருவியைச் சேர்ந்தவை அல்ல. பிறந்த முதல் 24 மணி நேரத்தில் காதுக்குழாயில் மெழுகுபோன்ற வெள்ளைப் படலமும் நீரும் இருக்கும். அப்போதே ஓஏஈ செய்தால் நல்ல காதும் தேறாது. வீட்டுக்கு அனுப்புவதற்குச் சற்று முன் செய்வது நல்லது. பால் குடித்துத் தூங்கும் குழந்தை வேண்டும். சப்பிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தமே பதிவில் வரும். காதில் வைக்கும் கருவி முனை காதுக்குச் சிறிதாக இருந்தால் வெளிச்சத்தம் கசியும், காதுக்குழாயின் சுவரில் மோதினால் எதுவும் வராது. முனையை வெளியே எடுத்து அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது பத்து விநாடி வேலை. பலர் அதைச் செய்வதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, தேறும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. ஏழெட்டு முறை செய்தால் குறைபாடுள்ள காதும் ஒருமுறை தற்செயலாகத் தேறலாம். ஒரு அமர்வில் காதுக்கு இரண்டு நல்ல முயற்சி போதும். ஒரு காது மட்டும் தேறாவிட்டாலும் மறுபரிசோதனையில் இரண்டு காதுகளையும் பாருங்கள். ஏபிஆரில் தேறாத குழந்தையை ஓஏஈ வைத்துத் "தேறியது" என்று மாற்றி எழுதக் கூடாது.

பெற்றோரிடம் சொல்லும் வார்த்தையும் முக்கியம். "ஒண்ணும் இல்லம்மா, காதுல தண்ணி இருக்கும்" என்றால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். "காது கேட்கல" என்றால் வீடே இடிந்துவிடும். "இன்னைக்குப் பதில் கிடைக்கல, காரணம் எதுவா வேணா இருக்கலாம், இந்தத் தேதியில மறுபடி பார்த்தே ஆகணும்" என்று தேதியைக் கையில் எழுதிக் கொடுங்கள்.

ஸ்கிரீனிங்கில் தேறியது என்றால் காது சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

அன்றைக்குச் சரி, அவ்வளவுதான். லேசான குறைபாடு தப்பிவிடலாம். பிறவி சைட்டோமெகலோவைரஸ் தொற்று, மூளையுறை அழற்சி, ஜென்டாமைசின் வகை மருந்து, ரத்தமாற்றம் செய்யுமளவு மஞ்சள் காமாலை, குடும்பத்தில் சிறுவயதிலேயே கேள்விக் குறைபாடு இருப்பது போன்றவை இருந்தால் பிறகும் தொடர்ந்து பார்க்க வேண்டும். அம்மாவே "இவனுக்குக் கேட்குதான்னு சந்தேகமா இருக்கு" என்றால் அதுவும் ஒரு அபாயக் காரணிதான், பட்டியலில் முதலிடத்தில் வைக்கலாம்.

இரண்டு மொழி பேசும் வீட்டில் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. இரண்டு மொழிகளிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் இயல்பான குழந்தையும் பின்தங்கியதாகத் தெரியும். தாமதம் உள்ள குழந்தையின் வீட்டில் "ஒரு மொழியை நிறுத்துங்கள்" என்று சொல்வதும் தவறு. பெற்றோர் தங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசத் தொடங்கினால் பேச்சே குறைந்துவிடும்.

ஆண் குழந்தை, நாக்கு ஒட்டியிருக்கிறது, அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார். காத்திருக்கலாமா?

ஆண் குழந்தைகள் சராசரியில் கொஞ்சம் பிந்துவார்கள், சில வாரக் கணக்கில். 2 வயதில் சொல் இல்லாததை அது விளக்காது. நாக்கு ஒட்டியிருப்பது சில ஒலிகளை மாற்றலாம், பேச்சையே நிறுத்தாது. அப்பா தாமதமாகப் பேசியது ஆறுதல் அல்ல, குடும்பத்தில் இருப்பது அபாயத்தைக் கூட்டுகிறது. 2 வயதில் பின்தங்கிய குழந்தைகளில் பலர் பிறகு எட்டிப் பிடிக்கிறார்கள் என்பது உண்மை. யார் எட்டிப் பிடிப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்லத் தெரியாது என்பதும் உண்மை. புரிதலும் குறைவு, கை காட்டலும் குறைவு என்றால் காத்திருக்க வேண்டாம்.

திரையில் பாட்டுப் பார்த்துச் சொற்கள் கற்கிறதே?

ஓரளவு வளர்ந்த குழந்தை கற்கலாம். 2 வயதுக்குள் கிட்டத்தட்ட இல்லை. பாட்ரிசியா கூலும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட சோதனை இதற்குத் தெளிவான விடை. ஆங்கிலம் பேசும் வீட்டு 9 மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேசுபவர் நேரில் 12 அமர்வுகள் விளையாட்டும் படிப்புமாகக் கழித்தார். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, வீடியோவில் காட்டியபோது கற்கவில்லை. ஒலிநாடாவிலும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி, 2 வயதுக்குள் உட்கார்ந்து பார்க்கும் திரை நேரம் வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயதில் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆய்வுப் படிவத்தில் "எத்தனை மணி நேரம் பார்க்கிறது" என்று மட்டும் கேட்டால் போதாது. யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடும் டிவியையும் கேளுங்கள். அது பெரியவர்களின் பேச்சைத்தான் குறைக்கிறது.

"3 கோடி சொல் இடைவெளி" என்பதை முன்னுரையில் எழுதலாமா?

வசதியான வீட்டுக் குழந்தை, ஏழை வீட்டுக் குழந்தையைவிட 4 வயதுக்குள் 3 கோடி சொற்கள் அதிகமாகக் கேட்கிறது என்ற கருத்து இது. எழுதுங்கள், ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து எழுதுங்கள். பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் 42 அமெரிக்கக் குடும்பங்களை மாதம் ஒரு மணி நேரம், சுமார் இரண்டரை வருடம் பதிவு செய்தார்கள். அந்த மணி நேரத்தில் குழந்தையிடம் பேசிய சொற்களை 4 வயது வரை பெருக்கிப் பார்த்ததில் வந்தது அந்த எண். அரசு உதவி பெற்ற குடும்பங்கள் அதில் வெறும் 6. சுற்றியிருப்பவர்கள் பேசுவதையும் சேர்த்தால் இடைவெளி அந்த அளவுக்கு இல்லை என்று 2019-இல் ஒரு மறு ஆய்வு காட்டியது, அதற்கும் எதிர்வாதம் வந்தது. இன்றைக்கு நம்பத்தக்க கருத்து வேறு இடத்தில் இருக்கிறது: மொத்தச் சொற்களின் எண்ணிக்கையைவிட, குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசும் முறைகளின் எண்ணிக்கை மொழித்திறனோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. ஏழைப் பெற்றோரைக் குறை சொல்லும் முன்னுரையை இந்த எண்ணை வைத்து எழுத வேண்டாம்.

பெற்றோருக்கு என்னதான் சொல்லிக் கொடுப்பது?

"நிறையப் பேசுங்க" என்பது அறிவுரை, பயிற்சி அல்ல. செய்து காட்டக்கூடிய நான்கு பழக்கங்கள் போதும்.

குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுவது முதலாவது. அது பந்தைப் பார்க்கும்போது "இங்க பாரு, பறவை" என்று திருப்புவதில் பயன் குறைவு. இரண்டாவது, நீட்டிச் சொல்வது. "நாய்" என்றால் "ஆமா, நாய் ஓடுது". "பந்து போச்சு" என்றால் "பந்து கட்டிலுக்கு அடியில போயிடுச்சு". திருத்த வேண்டாம், ஒரு படி மேலே சொன்னால் போதும். மூன்றாவது, பேசிவிட்டு 5 விநாடி காத்திருப்பது. சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். பெரும்பாலான பெரியவர்கள் ஒன்றிரண்டு விநாடியிலேயே அடுத்ததைச் சொல்லிவிடுவார்கள், மனதுக்குள் எண்ணச் சொல்லுங்கள். நான்காவது, "இது என்ன? அது என்ன?" என்று பரீட்சை வைப்பதைக் குறைப்பது.

படப் புத்தகம் வைத்துச் செய்வதென்றால் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் சோதித்த உரையாடல் வாசிப்பு நல்ல அச்சு. ஒரு கேள்வி கேள், பதிலை ஏற்றுக்கொள், நீட்டிச் சொல், திரும்பச் சொல்லவை.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "இப்ப நீங்க குழந்தையோட ரெண்டு நிமிஷம் செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். செய்ய வரவில்லை என்றால் சொல்லிக் கொடுத்தது சரியில்லை என்று அர்த்தம்.

ஒரே குழு, முன் தேர்வு, பின் தேர்வு. இந்த வடிவமைப்பு போதுமா?

பெற்றோரின் அறிவை அளந்தால் சமாளிக்கலாம். குழந்தையின் மொழியை அளந்தால் போதவே போதாது. செவிலியர் தீசிஸ்களில் மிக அதிகமாக உடைவது இங்கேதான்.

20 மாதத்தில் ஒரு அளவு, பயிற்சி, 23 மாதத்தில் இன்னொரு அளவு. சொற்கள் ஏறியிருக்கும், இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை மிக நன்றாக வரும். பயிற்சியே தராமல் விட்டிருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும், ஏனென்றால் மூன்று மாதத்தில் குழந்தை வளர்ந்துவிட்டது. அதிலும் குறைந்த மதிப்பெண் வந்த குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் இன்னொரு பொறி. அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் குறைவாகப் பேசிய சிலரும் அதில் இருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் தானாகவே சராசரிப் பக்கம் திரும்புவார்கள்.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் தப்ப வழியில்லை. எல்லோருக்கும் பயிற்சி கிடைக்க வேண்டும் என்று ஆய்வு நெறிமுறைக் குழு (நெறிக்குழு) சொன்னால் காத்திருப்புக் குழு வையுங்கள். அவர்களுக்கு மூன்று மாதம் கழித்துப் பயிற்சி. பகுப்பாய்வில், தொடக்க மதிப்பெண்ணைச் சரிக்கட்டி இரு குழுக்களின் இறுதி மதிப்பெண்ணை நேரடியாக ஒப்பிடுங்கள். "பயிற்சிக் குழுவில் மாற்றம் குறிப்பிடத்தக்கது, மற்றதில் இல்லை, எனவே பயிற்சி பலித்தது" என்ற வாதம் தவறு. அது இரு குழுக்களையும் ஒப்பிடவே இல்லை.

பெற்றோரே நிரப்பும் சொற்பட்டியலை வைத்து விளைவை அளக்கலாமா?

பயிற்சி பெற்ற அம்மா முன்பைவிடக் கவனித்துக் கேட்கிறார். குழந்தை முன்பே சொன்ன சொல்லையும் இப்போதுதான் பிடிக்கிறார். குழந்தை அப்படியே இருக்க, மதிப்பெண் ஏறும். ஆகவே முக்கிய அளவாக, எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் குறியிடும் பேச்சுப் பதிவை வையுங்கள். சொற்பட்டியல் துணை அளவாக இருக்கட்டும்.

ஆங்கிலச் சொற்பட்டியலைத் தமிழில் மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. உரிமை அனுமதி ஒருபக்கம் இருக்கட்டும். சொற்பட்டியலை மொழிபெயர்க்க முடியாது, தழுவி உருவாக்கத்தான் முடியும். ஆங்கிலத்தில் எளிதான சொல்லுக்குத் தமிழில் குழந்தை சொல்லாத இணை இருக்கலாம். தமிழ்க் குழந்தை முதலில் சொல்லும் உறவுப் பெயர்களில் பாதி ஆங்கிலப் பட்டியலில் இருக்காது. மறுமொழிபெயர்ப்பு (தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவது) செய்து சரிபார்த்தேன் என்பது இங்கே உதவாது. பொருள் அப்படியே திரும்பி வரும், கடினத்தன்மை வராது.

எழுத்துத் தமிழ் இன்னொரு பள்ளம். பட்டியலில் "தண்ணீர்" என்று அச்சடித்திருந்தால், "தண்ணி" என்று சொல்லும் குழந்தையின் தாய் "இல்லை" என்று குறிப்பார். பேச்சு வடிவத்தை அச்சிடுங்கள், வட்டார வடிவத்தையும் மழலை வடிவத்தையும் ஏற்கலாம் என்று மேலேயே எழுதுங்கள்.

பட்டியல் தயாரானதும் 10, 15 பெற்றோரை உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து, ஒவ்வொரு சொல்லையும் சொல்லும் குழந்தைகளின் விழுக்காடு வயதோடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாத சொல்லை எடுத்துவிடுங்கள். மறுசோதனையை 1, 2 வாரத்துக்குள் முடியுங்கள், ஒரு மாதம் விட்டால் குழந்தை புதிதாகக் கற்றது நம்பகக் குறைவாகத் தெரியும். பட்டியலின் சொற்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் கிரான்பாக் ஆல்பா 0.98 வந்தது என்று மகிழ வேண்டாம். 100 சொல்லுக்கு மேல் உள்ள எந்தப் பட்டியலும் அப்படித்தான் வரும். சிறு உபகுழுவின் பேச்சுப் பதிவோடு பொருந்துகிறதா என்பதே உண்மையான சோதனை.

பேச்சுப் பதிவு எடுப்பது எப்படி? எவ்வளவு நேரம்?

15 முதல் 30 நிமிடம், பழகிய ஆளோடு விளையாடும்போது. 50 முதல் 100 கூற்றுகள் (குழந்தை ஒரு தடவையில் சொல்லும் சொல்லோ தொடரோ ஒரு கூற்று) கிடைத்தால் கணக்கிடலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பொம்மைப் பெட்டி. தரையில் கொட்டினால் சத்தமிடும் பொம்மைகளை எடுத்துவிடுங்கள், பதிவில் பேச்சை மூடிவிடும். முதல் இரண்டு நிமிடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பதிவைச் சொல்சொல்லாக எழுதுவதற்கு அதன் நேரத்தைப்போலப் பல மடங்கு ஆகும், 20 நிமிடப் பதிவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

சராசரிக் கூற்று நீளத்தைச் சொல்லால் எண்ணுவதா, உருபனால் (பொருள் தரும் மிகச் சிறிய மொழிக்கூறால்) எண்ணுவதா என்பதைத் தமிழில் முன்பே முடிவு செய்ய வேண்டும். "போகமாட்டேன்" ஒரே சொல், உள்ளே வினை, எதிர்மறை, தன்மை எல்லாம் இருக்கிறது. "நான்" சொல்லாததால் அது குறையும் அல்ல. ஆகவே தமிழ் எண்ணை ஆங்கில அட்டவணையோடு ஒப்பிடக் கூடாது. இரு தமிழ்க் குழுக்களை ஒரே விதியால் எண்ணி ஒப்பிடலாம். "டாட்டா பைபை" போன்று ஒட்டியே கற்ற தொடரை இரு சொல் இணைப்பாக எண்ணாதீர்கள். "அப்பா டாட்டா" என்று தானே சேர்த்தால் எண்ணுங்கள்.

பதிவுகளில் 20% ஆவது இரண்டாவது ஆள் தனியாகக் குறியிட வேண்டும். ஒத்துப்போன விழுக்காட்டை மட்டும் எழுதுவது போதாது. 100 குழந்தைகளில் இருவரும் தனித்தனியே 90 பேரைப் "பிரச்சினை இல்லை" என்றார்கள், மொத்தம் 90% ஒத்துப்போனது என்று வையுங்கள். தற்செயலாகவே 82% ஒத்துப்போயிருக்கும். தற்செயல் ஒற்றுமையைக் கழித்துப் பார்க்கும் கோஹென் கப்பா (0.90 − 0.82) ÷ (1 − 0.82), அதாவது 0.44. 90% என்று கேட்டால் அருமை, 0.44 என்றால் குறியீட்டு விதியைத் திருத்தி மறுபடி பயிற்சி.

எத்தனை குழந்தைகள் வேண்டும்?

"60 பேர், குழுவுக்கு 30" என்பது வழக்கம், கணக்கு அல்ல. இரு குழுச் சராசரிகளை ஒப்பிட, 80% திறனுக்கும் (உண்மையான வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பு) 5% பிழைக்கும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), ஒரு குழுவுக்கு 16-ஐ விளைவு அளவின் (சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) வர்க்கத்தால் வகுத்தால் வருவது தோராய எண்ணிக்கை. விளைவு அளவு 0.5 என்றால் 16 ÷ 0.25 = 64. 0.3 என்றால் 178.

குழந்தைகளை ஒவ்வொருவராகப் பிரிக்காமல், சுகாதார நிலையம் வாரியாகப் பிரித்தால் கூடுதலாக வேண்டும். ஒரே நிலையத்துக் குழந்தைகள் ஒன்றுபோல இருப்பார்கள். நிலையத்துக்கு 10 குழந்தை, அந்த ஒன்றுபோலிருப்பதன் அளவான உள்ளொற்றுமை 0.05 என்றால் பெருக்கும் எண் 1 + (9 × 0.05) = 1.45. 64 × 1.45 சுமார் 93. குழுவுக்கு 10 நிலையம், நிலையத்துக்கு 10 குழந்தை. 15% பேர் விலகுவார்கள் என்றால் நிலையத்துக்கு 12 பேரைச் சேருங்கள். இரண்டே நிலையத்தை எடுத்து ஒன்றைப் பயிற்சிக் குழு, மற்றதை ஒப்பீட்டுக் குழு என்று வைத்தால், எத்தனை குழந்தைகளைச் சேர்த்தாலும் நிலைய வேறுபாட்டைப் பயிற்சியின் பலனிலிருந்து பிரிக்க முடியாது.

ஸ்கிரீனிங் படிவம் உணர்திறன் (பிரச்சினை உள்ளவர்களைப் பிடிப்பது) 80%, தனித்திறன் (பிரச்சினை இல்லாதவர்களைச் சரியாக விடுவது) 85%. நல்ல படிவம்தானே?

எத்தனை பேருக்குப் பிரச்சினை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேறு காரணம் தெரியாத மொழி வளர்ச்சிக் கோளாறு பள்ளி சேரும் வயதில் சுமார் 7% என்பது 2016-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வின் மதிப்பீடு. அதையே வைத்து 1,000 குழந்தைகளைப் பாருங்கள். 70 பேருக்குப் பிரச்சினை, அதில் 56 பேரைப் பிடிப்போம். மீதி 930 பேரில் 15%, சுமார் 140 பேர் வீணாக மாட்டுவார்கள். ஆக அனுப்பப்படும் 196 பேரில் 56 பேருக்குத்தான் உண்மையில் கோளாறு, அதாவது 29%. பெற்றோரிடம் பேசும்போது இந்த எண் மனதில் இருக்கட்டும். மேற்கொண்டு பார்க்க 196 பேருக்கு நிபுணரிடம் இடம் இருக்கிறதா என்பதையும் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

செவிலியர் மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுத்தால் போதுமா?

வகுப்பு முடிந்ததும் கேள்வித்தாள் கொடுத்தால் மதிப்பெண் ஏறும். பயிற்சியின் பலனை மதிப்பிட கிர்க்பேட்ரிக் சொன்ன நான்கு நிலைகளில் அது இரண்டாவது, கற்றல். மூன்றாவது நிலை, வார்டில் நடத்தை மாறியதா. நான்காவது, குழந்தைகள் சீக்கிரம் அனுப்பப்பட்டார்களா. ஆய்வு இரண்டோடு நின்றால் முடிவுரையில் மூன்றையும் நான்கையும் பேசாதீர்கள். ஒரே கேள்வித்தாளை முன்னும் பின்னும் கொடுத்தால் மாணவர்கள் இடையில் விடையைத் தேடிவிடுவார்கள். சம கடினமுள்ள இரண்டு தாள் தயாரித்து, பாதிப் பேருக்கு வரிசையை மாற்றுங்கள். 3 மாதம் கழித்து இன்னொரு முறை அளவிடுங்கள். அப்போது நிற்பதுதான் கற்றது.

திறனுக்கு ஓஸ்கி (மாணவர் நிலையம் நிலையமாகப் போய்ச் செய்து காட்டும் தேர்வு) ஏற்றது, 1975-இல் ரொனால்ட் ஹார்டனும் குழுவினரும் அறிமுகப்படுத்திய தேர்வு வடிவம். ஒரு நிலையம் ஓஏஈ முனை பொருத்துவது. இன்னொன்று, தேறாத முடிவைப் பெற்றோராக நடிப்பவரிடம் 7 நிமிடத்தில் சொல்வது. மதிப்பீட்டுப் பட்டியலில் "பணிவாகப் பேசினார்" என்று வைக்காமல் "மறுபரிசோதனைத் தேதியை எழுதிக் கொடுத்தார்", "தாயின் சந்தேகத்தைக் கேட்டார்" என்று கண்ணால் பார்க்கக்கூடியதை வையுங்கள்.

வார்டில் இலவசமாகக் கிடைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. காது ஸ்கிரீனிங்கில் மறுபரிசோதனைக்குப் பிறகும் தேறாதவர்கள் 4%-க்குள் இருக்க வேண்டும். ஒரு செவிலியரிடம் மட்டும் 15% என்றால் முனை பொருத்தும் விதத்தைப் பாருங்கள். பல நூறு குழந்தைகளில் ஒருவர்கூடத் தேறாமல் போகவில்லை என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள், தேறும்வரை செய்கிறார் போலும்.

நெறிக்குழு என்ன கேட்கும்?

ஆய்வில் குறைபாடு தெரிந்த குழந்தையை என்ன செய்வீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்கும். எந்த ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்), எந்தப் பேச்சுப் பயிற்சி நிபுணர், எத்தனை நாளுக்குள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழு என்பதற்காக ஒரு குழந்தையின் பரிந்துரையைத் தள்ளிப்போட முடியாது. அவரை அனுப்புங்கள், தரவில் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பதிவில் குடும்பச் சண்டையும் விருந்தினர் பேச்சும் விழும். பெற்றோர் முதலில் தாங்களே கேட்டு, வேண்டாத பகுதியை அழிக்க உரிமை கொடுங்கள். பதிவில் பெயர் வரும் என்பதால் கோப்பின் பெயரை எண்ணாக மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. பூட்டிய கணினியில் வையுங்கள், எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்று சம்மதப் படிவத்திலேயே சொல்லுங்கள்.